படியேறாமல் திரும்பி வந்தவருக்கு ஒரு பதில்

கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர். 34 வயது, சொந்த ஊர் தாராபுரம் பக்கம். சின்ன வயதிலிருந்தே தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். வீட்டுக் கட்டாயத்தில் கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் திருநங்கையர் ஆதரவுக் குழு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்தத் தெரு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். அவர் கேட்பது: "எனக்கு மீசை இருக்கு, குரல் கட்டை, குடும்பமும் இருக்கு. 'நீ எங்க ஆளே இல்ல'ன்னு அவங்களும் சொல்லிட்டா எனக்குப் போறதுக்கு வேற இடமே இல்ல. போலாமா? போனா என்ன உடுத்திட்டுப் போறது?"

போகலாம் கண்ணு. விரட்ட மாட்டார்கள்.

நானும் திருநங்கைதான். கோபி பக்கம் விவசாயக் குடும்பம். அப்படி ஒரு குழுவில் பல வருடமாக உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அநேகமாக எல்லோருமே 'என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க' என்று முடிவுகட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆளுக்கு ஆள் காரணம் மட்டும் மாறும். மீசை இருக்கிறவர் மீசையைச் சொல்வார். ஐம்பதைத் தொட்டவர், இந்த வயதில் எதற்கு வந்தாய் என்று கேட்பார்களோ என்பார். ஆபரேஷன் செய்யாதவருக்கு அது, நிறம் கறுப்பானவருக்கு அது. காலேஜ் முடித்து ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பெண் ஒருத்தி, படித்தவள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தாள். அதே வாரம் வந்த இன்னொருத்தி, படிக்காதவள் என்று ஒதுக்குவார்களோ என்று அழுதாள். இரண்டு பேரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் பயம் உங்கள் குணத்தில் இருக்கும் கோளாறு இல்லை. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-ல் பாலியல் சிறுபான்மையினரின் மன அழுத்தம் பற்றி எழுதியதில் இதற்குத் தனி இடமே கொடுத்தார். அடி, ஏச்சு, வேலை மறுப்பு என்று வெளியிலிருந்து வருகிற துன்பம் ஒன்று. எங்கே போனாலும் ஒதுக்கத்தான் போகிறார்கள் என்று எப்போதும் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. இரண்டாவதும் உடம்பையும் மனதையும் உண்மையாகவே அரிக்கும். நம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நோம்பி நாளில் ஒறம்பரைச் சொந்தங்கள் வந்தால் நம் நடையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெற்ற ஐயன் எல்லோர் முன்னாலும் "ஆம்பளையாட்டம் நடடா" என்பார். பள்ளிக்கூடத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிடப் பட்டப்பேரால் கூப்பிட்டவர்கள் அதிகம். இத்தனை வருடம் இதைக் கேட்ட மனது அடி விழும் முன்னாலேயே குனியப் பழகிவிடுகிறது. அடிக்கவே போகாத இடத்திலும் குனிகிறது.

அந்தப் படிக்கட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குழு கூடுவது ஒரு மாடி அறையில். கீழே மளிகைக்கடை. ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடை ஓரமாக யாராவது போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பேச்சு எதுவும் இருக்காது. தலையைத் தூக்காமல், மாடி ஜன்னலை மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். மேலே இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், நாங்களும் அப்படி நின்றவர்கள்தானே. ஆனால் யாரும் மேலிருந்து கூப்பிட மாட்டோம். தெருவில் கூப்பிட்டுவிட்டால் அவருக்கு ஆபத்து. எங்களில் ஒருத்தி பால் பாக்கெட் வாங்குகிற சாக்கில் இறங்குவாள். வாங்கிக்கொண்டு திரும்பும்போது பக்கத்தில் வந்து, "மேலதானுங்க? வாங்க, நானும் அங்கதான் போறேன்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. சிலர் கூடவே ஏறிவிடுவார்கள். சிலர் "இல்லீங்க, சும்மா நின்னேன்" என்று போய்விடுவார்கள், அப்புறம் மாசம் கழித்தோ வருசம் கழித்தோ வருவார்கள். வந்தபின் யாரும் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. நீங்கள் தெருமுனையில் இருந்து திரும்பியதையும் தோல்வி என்று எண்ண வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, கிடைத்த ஒரே லீவு நாளில், திருப்பூரில் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், பெரிதாக ஒன்றும் நடக்காது. பாய் போட்டிருக்கும், டீ வரும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்வார்கள். நீங்கள் எந்தப் பெயரைச் சொல்கிறீர்களோ அதுதான் உங்கள் பெயர். சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அடுத்தவரைக் கைகாட்டிவிடலாம். அப்புறம் அவரவர் வெசனத்தைப் பேசுவார்கள். ஒருத்தியை வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லியிருப்பார். இன்னொருத்திக்கு ஆதாரில் பெயர் மாறியிருக்கும், பேங்க் பாஸ்புக்கில் பழைய பெயரே இருக்கும். ஒருத்தியின் அம்மா பல வருடம் கழித்துப் போன் செய்து, ஒன்றும் பேசாமல் வைத்திருப்பார். உங்களைப் பற்றி அதிகம் பேசவே மாட்டார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். போகிற இடமெல்லாம் எல்லோரும் நம்மையே பார்ப்பதாக நினைத்து வாழ்ந்தவருக்கு, ஒரு அறையில் யாருமே தன்னை அதிசயமாகப் பார்க்கவில்லை என்பது சட்டென்று பிடிபடாது. 'கண்டுக்கவே இல்லையே, பிடிக்கலையோ' என்று தோன்றும். ஒருத்தி சிரிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், நம் மீசையைப் பார்த்துத்தான் முகத்தைத் திருப்பினாள் என்று மனது சொல்லும். அவள் குழுக்கடன் தவணைக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அன்று ராத்திரி ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்த்து, இனிமேல் போகக்கூடாது என்று முடிவெடுக்கத் தோன்றும். அந்த ராத்திரி எடுக்கும் முடிவை மட்டும் நம்பாதீர்கள். இன்னும் சில ஞாயிறுகள் போய்விட்டு முடிவு செய்யுங்கள்.

நான் முதலில் போனது நல வாரியம் வந்த புதிதில். இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில் அரவாணிகளுக்கு, அதாவது திருநங்கைகளுக்கு, நல வாரியம் வந்தது 2008-ல். எங்கே பார்த்தாலும் அட்டை, மனு, கலெக்டர் ஆபீஸ் என்ற பேச்சு. நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன், யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எழுந்து ஓடிவிட வசதியாக. செருப்பைக்கூட வாசலில் விடாமல் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அங்கே மூத்தவர் ஒருவர், ஊரே அம்மா என்று கூப்பிடுவார்கள், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு, உனக்கு எழுத்து நல்லா வருமா?" என்றார். வரும் என்றேன். ஒரு கோடு போட்ட பேப்பரையும் பேனாவையும் நீட்டினார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ரேஷன் கார்டு மனு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் சுற்றி இருந்தவர்கள் "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு சாமி" என்று வரிசையாக வந்துவிட்டார்கள். பொழுதோடு வரை எழுதினேன். நான் யார், எந்த ஊர், எப்போதிலிருந்து இப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா சொன்னது, "அடுத்த வாரம் ரெண்டு வெள்ளப் பேப்பர் சேத்தி வாங்கிட்டு வா" என்பது மட்டும்தான். அடுத்த வாரமும் நான் வருவேன் என்று அவர் எடுத்துக்கொண்டதை நினைத்துப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

நீங்கள் டைலர் என்கிறீர்கள். கொஞ்ச நாளில் யாராவது ஜாக்கெட்டை நீட்டி, கை டைட்டாக இருக்கிறது, பிரித்துத் தைத்துக் கொடு என்று நிச்சயம் கேட்பார்கள். கேட்டால் சந்தோசப்படுங்கள்.

மீசை, குரல் விசயத்துக்கு வருகிறேன். 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஒருவர் தன் பாலினம் என்ன என்று தானே உணர்ந்து சொல்வதுதான் செல்லும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக வைக்கக்கூடாது என்பது. அரசாங்கமே கேட்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னதை ஒரு ஆதரவுக் குழு கேட்டால், அந்தக் குழுவில்தான் குறை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், பிறப்பில் குறித்த பாலினமும் தான் உணரும் பாலினமும் ஒத்துப்போகாத நிலையை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்தேவிட்டது. ஆக அந்த அறையில் நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்ற அவசரத்தில், யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி அளவில்லாமல் விழுங்காதீர்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அதில் உண்டு. ஹார்மோன் வேண்டுமென்றால் டாக்டர் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து எடுத்துக்கொள்கிற விசயம் அது.

கல்யாணம். இதைத்தான் நீங்கள் பாதியில் நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறீர்கள். 'ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவன்' என்று அங்கே சொல்வார்கள் என்று பயம். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்ற பேச்சைக் கேட்டுத் தாலி கட்டவைக்கப்பட்டவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள், எங்கள் குழுவில் நிறையவே இருக்கிறார்கள். அதனால் குற்றவாளி மாதிரி யாரும் நிறுத்தி வைத்துக் கேட்கப் போவதில்லை. ஆனால் உங்கள் மனைவி பக்கமும் நான் பேசியாக வேண்டும். அவரும் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் இல்லை. ராத்திரியெல்லாம் புருசன் ஏன் விலகிப் படுக்கிறான், தன்னிடம் என்ன குறை என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கலாம். என்றைக்காவது குழுவில் மூத்தவர் ஒருவர், "அந்தப் புள்ளைகிட்ட எப்பச் சொல்லப் போற?" என்று கேட்பார். அதை ஒதுக்குவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைத் தன் வீட்டு ஆளாக நினைப்பதால் கேட்கிறார். நாளைக்கே சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எப்படிச் சொல்வது, சொன்னபின் அவருக்கு யார் துணை, குழந்தைக்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் ஏற்கனவே அந்த வழியில் நடந்தவர்களோடு உட்கார்ந்து யோசிக்கலாம். அதற்காகவே குழுவுக்குப் போகலாம்.

ஜமாத்தும் ஆதரவுக் குழுவும் ஒன்றா என்று உங்களுக்குக் குழப்பம் இருப்பது தெரிகிறது. ஒன்றில்லை. ஜமாத் என்பது திருநங்கைகளுக்குள் குரு, சேலா என்கிற சிஷ்யை, நானி என்கிற பாட்டி என்று உறவுமுறை உள்ள குடும்பம். ரீத்து என்கிற சேர்ப்புச் சடங்கு போட்டுக்கொண்டால் ஒரு அம்மாவுக்கு மகளாகிறீர்கள், அந்த வீட்டின் கட்டுப்பாடுகளும் வரும். பெற்றவர்கள் அடித்துத் துரத்திய பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, செத்தால் எடுத்துப் போட்டது ஜமாத்துதான். அதை யாரும் லேசாகப் பேச நான் விட மாட்டேன். ஆதரவுக் குழு வேறு வழியில் வந்தது. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தபின், எச்.ஐ.வி. தடுப்பு வேலைக்காக ஊர் ஊருக்கு ஓர் அறை வாடகைக்கு எடுத்தார்கள். வந்து உட்கார, உடை மாற்ற, பேச, பரிசோதனைக்குப் போக என்று ஓர் இடம். லாரித் தொழில் பெருத்த நாமக்கல், ஆட்கள் வந்து குவியும் திருப்பூர், கோயமுத்தூர் எல்லாம் அந்த வேலை மும்முரமாக நடந்த ஊர்கள். நோய்த்தடுப்புக்காக ஆரம்பித்த அறைகளில் ஆட்கள் தங்கள் கதையைப் பேச ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இருக்கும் பல குழுக்களுக்கு வேர் அதுதான். இதற்கு ரீத்து தேவையில்லை, குரு தேவையில்லை, வேலையை விட வேண்டியதில்லை. கடை கேட்க, அதாவது கடை கடையாகக் காசு கேட்க, போகச் சொல்வார்கள் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பவர் டேபிளில் உட்கார்ந்துகொண்டே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து போகலாம். முதல் நாளே ரீத்து போடு, பணம் கட்டு, ஆபரேஷனுக்கு நாள் குறி என்று யாராவது நெருக்கினால் சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லாக் குழுவும் தங்கம் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க மாட்டேன். பார்க்க அசல் பெண்ணாகத் தெரிகிறவளுக்கு ஒரு மரியாதை, தெரியாதவளுக்கு ஒரு மரியாதை என்று நடக்கிற இடங்கள் உண்டு. சாதியும் படியேறி உள்ளே வரும். நம் பக்கம் புது ஆளைப் பார்த்தால் "நீங்க என்ன ஆளுங்க?" என்பது வாயில் தானாக வருகிற கேள்வி. ஊர்ப் பேரைச் சொன்னால், யாரு தோட்டம், எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து அங்கேதான் வருவார்கள். அருந்ததியர் பிள்ளை ஒருத்தி எங்களிடம் வந்தபோது, முந்தி ஓர் இடத்தில் தனக்கு மட்டும் டீ பேப்பர் கப்பில் வந்தது என்று சொன்னாள். இரண்டு வகை ஒதுக்கலையும் பார்த்தவள் அவள். ஒரு குழு நல்லதா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: சாதியைக் கேட்கிற ஆளை அங்கே இருப்பவர்கள் தடுக்கிறார்களா. அடுத்தது, வராதவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள். இன்றைக்கு அவளைக் கேலி பேசுகிற இடம் நாளைக்கு உங்களைப் பேசும். பிடிக்கவில்லை என்றால் வேறு குழு பாருங்கள். ஒரு குழு சரியில்லை என்பதால் உங்களுக்கு உலகத்தில் இடமில்லை என்று ஆகிவிடாது. போக வேறு இடமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

போவதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள். போட்டோ எடுப்பார்களா என்று கேளுங்கள். வாட்ஸாப் குழுவில் உடனே சேர வேண்டாம், சேர்ந்தால் உங்கள் நம்பரும் டி.பி.யும் அத்தனை பேருக்கும் தெரியும். திருப்பூரில் ஒரு கம்பெனியில் தெரிந்தது அடுத்த கம்பெனிக்குப் போக ஒரு டீ டைம் போதும். நல்ல குழு இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாது, அவர்களே முதலில் சொல்லிவிடுவார்கள்.

பெண்ணாக வளர்க்கப்பட்டுத் தன்னை ஆணாக உணர்கிற திருநம்பிகள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. அறை முழுக்கத் திருநங்கைகளாக இருப்பார்களே, நமக்கு என்ன இடம் என்ற பயம் நியாயமானது. எச்.ஐ.வி. திட்டங்கள் உங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, ஜமாத்திலும் உங்களுக்கு முறை இல்லை. பெண் பிள்ளை என்று வீட்டில் பூட்டி வைத்திருப்பதால் ஞாயிற்றுக்கிழமை வெளியே வருவதே பெரும்பாடு. இப்போது பல குழுக்களில் திருநம்பிகள் வருகிறார்கள், போனில் கேட்டால் ஒருவரோடு பேசவைப்பார்கள். வீட்டை விட்டு வந்தால் போலீஸில் காணவில்லை என்று புகார் கொடுப்பார்கள் என்ற பயத்துக்கு, 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வயது வந்தவர்கள் தம் விருப்பத்தில் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை செய்வதையும் அதே உத்தரவு தடுத்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது டாக்டர் தொழிலுக்கு விரோதமான நடத்தை என்று அறிவித்துவிட்டது.

நம் ஊர்களில் இப்படி யாரும் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. திருநங்கையர் உரிமைக்காகப் பேசுகிற பொள்ளாச்சி கல்கி சுப்ரமணியம் இருக்கிறார். நாமக்கல் மாவட்டத்தில் பிறந்து எழுத்தாளரான அ. ரேவதி இருக்கிறார். சேலத்தில் வளர்ந்த பிரித்திகா யாஷினி, காவல்துறை விண்ணப்பத்தைத் தள்ளியபோது 2015-ல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, 2017-ல் உதவி ஆய்வாளர் ஆனார். இவர்கள் பெயர் வெளியே தெரிந்தவர்கள். பெயர் தெரியாமல் தறி ஓட்டுகிறவர்களும் மில்லுக்குப் போகிறவர்களும் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர்களும் எங்கள் பாயில் வந்து உட்காருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மனது தாங்காது என்று ஏதாவது ராத்திரி தோன்றினால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

உடுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எப்போதும் போடுகிற பேண்ட் சட்டையிலேயே போங்கள், மீசையையும் எடுக்க வேண்டாம், திங்கட்கிழமை கம்பெனியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆசை இருந்தால் சேலையோ சுடிதாரோ ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ள அறை இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கொசுவம் வைக்கத் தெரியாவிட்டால் அங்கே கட்டிவிட ஆள் இருக்கும்.